சிஸ்டர் ஏறிய லாரி

நாற்பத்தோராவது காளை டைனியைத் தொடையில் உதைத்தது. முந்தைய நாற்பதும் சாது என்று நினைத்துவிட வேண்டாம். அவற்றில் பாதிக்குக் குறி தவறியது, அவ்வளவுதான்.

"முடி வந்துச்சா?" இரும்புக் கூண்டின் அந்தப் பக்கத்திலிருந்து டோரீன் மலோனி கேட்டாள். கால் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்கிற ரகமும் இல்லை.

"வந்துச்சு பாஸ். என் உசுரும் கொஞ்சம் கூடவே வந்துச்சு. ரெண்டையும் தனித்தனி உறையில போட்டுக்கோங்க."

அவள் வால் முடியை வாங்கி, வேர் இருக்கிறதா என்று வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு அட்டையில் ஒட்டினாள். "இது நாம தேடற காளை இல்லடா. பார்த்தாலே தெரியுது, வேற ஜாதி. ஒண்ணையும் விடலைன்னு சொல்றதுக்காக எடுத்தேன்."

"சொல்றதுக்காகவா? அப்ப நான் வாங்கின உதை?"

"அதையும் சொல்லிடறேன்."

டைனி என்றால் பொடியன். ஆறடி நாலங்குலம் உயரம், அதற்கேற்ற அகலம். கதவு வழியாக வருவதற்கு முன் கதவிடம் அனுமதி கேட்க வேண்டிய உடம்பு. அவனைப் போய்ப் பொடியன் என்று கூப்பிடுகிற ஊரை என்னவென்று சொல்வது! குவீன்ஸ்லாந்தின் மாட்டுப் பிரதேசத்தில் ஒருத்தனுக்காவது நேரான பேர் இருக்கிறதா? செம்பட்டைத் தலையன் 'நீலம்'. மொட்டைத் தலையன் 'சுருட்டை'. வில்லாரா பண்ணையின் தலைமை மாட்டுக்காரருக்கு 'ஸ்பீட்' என்று பேர். அந்த மனிதர் சட்டைப் பொத்தான் ஐந்தையும் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

டோரீனின் போன் சிணுங்கியது. பரிசோதனைக் கூடத்திலிருந்து செய்தி. படித்துவிட்டுப் பையில் போட்டாள்.

"நாற்பதும் இல்லை. ஒண்ணுகூடப் பொருந்தலை."

டைனி தொடையைத் தடவுவதை நிறுத்தினான். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை கிளெனிஸ் ஹாடோவின் கதை முடிந்தது. இன்று செவ்வாய்.

விவகாரம் இதுதான். வில்லாரா பண்ணைக்காரி கிளெனிஸ், போன வருஷத்துக்கு முந்தைய வருஷ ஏலத்தில் 'பாரன்' என்ற பொலிகாளையை விற்றாள். அது பிறந்த அன்று காதில் வில்லை மாட்டும்போது வந்த ரத்தத்தில் ஒரு துளியை அட்டையில் எடுத்து, மரபணுவில் வளர்ச்சிக்கான குறிகள் எப்படி என்று பார்த்திருந்தார்கள். ஏலப் புத்தகத்தில் அச்சாகியிருந்த முடிவைப் பார்த்து மாவட்டமே வாயைப் பிளந்தது. சீக்கிரம் வளரும், நிறைய எடை போடும், அதையே கன்றுகளுக்கும் கொடுக்கும். வாம்ஸ்லி என்ற பக்கத்துப் பண்ணைக்காரர் அடித்துப் பிடித்து வாங்கினார். கன்றுகள் பிறந்தன. வளர்ந்தன என்று சொல்ல முடியாது. சந்தேகப்பட்டு அவர் பாரனின் வால் முடியைப் பிடுங்கி அனுப்பினார். பதில் வந்தது: முடியும் பழைய ரத்த அட்டையும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை, ஆனால் ஒரே மாடு அல்ல.

பிறகென்ன, ஊர் தானே முடிவு கட்டியது. கெட்டிக்கார அண்ணனைக் காட்டி ஏலம் போட்டுவிட்டு, மக்குத் தம்பியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டாள் கிளெனிஸ். அண்ணனை எங்கோ ஒளித்து வைத்திருக்கிறாள். கால்நடைச் சங்கம் வெள்ளிக்கிழமை கூடுகிறது. அதற்குள் விளக்கம் கிடைக்காவிட்டால் வில்லாராவின் பேர் பதிவேட்டிலிருந்து அடிக்கப்படும். மாடு இருக்கும், புல் இருக்கும், பேர் இருக்காது. விசாரிக்கச் சொல்லிச் சங்கம் அனுப்பியவள்தான் டோரீன்.

"பாஸ், ஒரு காளையை எங்கதான் ஒளிக்க முடியும்? அலமாரியிலயா?"

"தெரியலை. டீ குடிக்கலாம் வா."

தெரியவில்லை என்று டோரீன் சொல்லி டைனி கேட்டதே இல்லை.

சமையலறையில் கிளெனிஸ் உப்பில் ஊறிய மாட்டிறைச்சியை ரொட்டிக்கு நடுவே வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயது. இடுப்பில் ஒரு பக்கம் உலோக மூட்டு. நடக்கும்போது லேசாகச் சாயும். தன் பண்ணையைக் குடைய வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோமே என்ற கசப்பு முகத்தில் இருந்தது. அதற்காக இறைச்சியின் அளவைக் குறைக்கவில்லை.

"கிடைக்கலைல்ல?" என்றாள்.

"கிடைக்கலை," என்றாள் டோரீன்.

"இல்லாதது எப்படிக் கிடைக்கும்? ஆனா நீங்க கண்டுபிடிக்கலைன்னா, நான் நல்லா ஒளிச்சிட்டேன்னு சொல்வாங்க. கண்டுபிடிச்சா, பாரு ஒளிச்சிருக்கான்னு சொல்வாங்க. சாப்பிடுப்பா டைனி, உன் உடம்புக்கு ரெண்டு பத்தாது."

டைனி நான்கு எடுத்துக்கொண்டான்.

"பாரன் பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" டோரீன் மூன்றாவது தடவையாக அதே கேள்வியைக் கேட்டாள்.

"எத்தனை வாட்டி சொல்றது? பிரிஸ்பேன்ல ஆஸ்பத்திரியில, இந்த இடுப்போட. ஒன்றரை மாசம். ஊர் சுத்த வந்த ஒரு ஜெர்மன் பொண்ணு, அன்கேன்னு பேரு, அவதான் கன்னு போடற மாடுங்களைப் பார்த்துக்கிட்டா. அவ நோட்டைத்தான் நீங்களே பார்த்தீங்களே. அச்சடிச்ச மாதிரி இருக்கும். மாட்டு நம்பர், கன்னு நம்பர், ஆணா பெண்ணா. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது."

அப்போது கம்பி வலைக் கதவு திறந்தது. திறந்து கொஞ்ச நேரம் கழித்து ஸ்பீட் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். மாட்டினார். மாட்டிய இடம் சரியில்லை என்று எடுத்து வேறு ஆணியில் மாட்டினார்.

"லாரி... கிளம்பிடுச்சு," என்றார்.

"எல்லாம் ஏத்தியாச்சா?"

"முப்பது. சிஸ்டரையும்... சேர்த்து."

கிளெனிஸ் பெருமூச்சு விட்டாள். "ரெண்டு பருவம் காளையோட விட்டாச்சு, சினையே பிடிக்கலை. வயித்தைத் தின்னுட்டுச் சும்மா நிக்குது. வேற என்ன செய்ய?"

"சிஸ்டரா?" டைனிக்குச் சிரிப்பு வந்தது. "கன்னியாஸ்திரியா மாடு? சபாஷ்! ஆம்பளை வாடையே ஆகாது, அதனால சிஸ்டர். இந்த ஊர்க்காரன் குசும்பு எங்க போனாலும் தெரியும்."

"மூணு வருஷமா அந்த ஜோக்கைத்தான் சொல்லிச் சிரிக்கறோம்," என்றாள் கிளெனிஸ், சிரிக்காமல்.

டோரீன் டீக்கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"மூணு வருஷமாவா?"

"ஆமா. ஏன்?"

"அந்த மாட்டுக்கு வயசென்ன?"

"மூணு... இருக்கும். மூணரை," என்றார் ஸ்பீட்.

"அப்ப அது கன்னுக்குட்டியா இருக்கும்போதே சிஸ்டர்தானா?"

"ஆமா. முதல்ல மந்தையைக் கூட்டிட்டு வந்து... சூடு போடறப்பவே... காதுல எழுதியிருந்துச்சு. நம்பர் இல்லாத வெறும் வில்லை... அதுல மசியால... சிஸ்டர்னு."

"ஆறு மாசக் கன்னுக்குட்டி மலடுன்னு எவனுக்குத் தெரியும்?" டோரீன் கோப்பையைத் தட்டென்று வைத்தாள். "ஜோக்குக்குக் காரணமே ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே வந்திருக்கு? பேரு முதல்ல வந்திருக்கே! எழுதினது யாரு?"

ஸ்பீட் மோவாயைச் சொறிந்தார். டைனிக்கு அவர் வாயில் கையை விட்டு வார்த்தையை இழுத்துவிடலாமா என்று இருந்தது.

"அந்த... ஜெர்மன்... பொண்ணு."

"அவ ஜோக் அடிக்கிற ஆளா?"

கிளெனிஸ் முதல் தடவையாகச் சிரித்துவிட்டாள். "அன்கேவா? அவளுக்கு ஜோக்னா என்னன்னே தெரியாது. இவரை ஸ்பீட்னு கூப்பிடச் சொன்னா, 'ஆனா இவர் வேகமா இல்லையே'ன்னு கேட்டா. கடைசி நாள் வரைக்கும் மிஸ்டர் ஹார்ட்விக்தான்."

"எனக்கு அது... பிடிச்சிருந்துச்சு," என்றார் ஸ்பீட்.

டோரீன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "லாரி எங்க போகுது?"

"ராக்ஹாம்ப்டன் பக்கத்துல இறைச்சி ஆலைக்கு. ரெண்டு மணிக்குள்ள இறக்கணும். ஏன், என்ன ஆச்சு?"

"டைனி, வண்டி!"

"பாஸ், இன்னும் ரெண்டு ரொட்டி..."

"கையில எடுத்துக்கோடா!"

பின்னால் திறந்த தட்டு வைத்த யூட் வண்டி செம்மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு பறந்தது. டைனி ஒரு கையில் ஸ்டீயரிங்கும் மறு கையில் ரொட்டியுமாக இருந்தான்.

"பாஸ், ஒரு கசாப்பு மாட்டை விரட்டிட்டுப் போறோம். காரணம் சொன்னா கொஞ்சம் ஆர்வமா விரட்டுவேன்."

"இந்த ஊர்ல எல்லாரும் பேரைத் தலைகீழா வெப்பீங்க. அதனால எந்தப் பேரைப் பார்த்தாலும் குசும்புன்னே நினைப்பீங்க. அந்தப் பொண்ணு கண்ணால பார்த்ததை எழுதியிருக்கா. சிஸ்டர்னா கன்னியாஸ்திரி இல்லடா. சிஸ்டர்னா சிஸ்டர்!"

டைனி ரொட்டியை மெல்வதை நிறுத்தினான். "யாரோட சிஸ்டர்?"

"பாரனோட. ரெட்டைக் கன்னு. அவ நோட்டுல ஒரு மாட்டுக்கு ஒரு வரி, ஒரு கன்னு, ஒரு வில்லை. ரெண்டாவது ஒண்ணு விழுந்ததும் எழுத இடமில்லை. மாட்ட நம்பரும் இல்லை. வெறும் வில்லையை எடுத்து, இது என்னவோ அதை எழுதிட்டா."

"அய்யோ! நாம அண்ணனைத் தேடிட்டு இருந்தோம்..."

"இருந்தது தங்கச்சி."

"சரி பாஸ், தங்கச்சியாவே இருக்கட்டும். பாரன் காதுல வந்த ரத்தம் பாரனோடதுதானே? அவ ரத்தம் அங்க எப்படி வரும்?"

"தாய் வயித்துல ரெட்டைக் கன்னுங்களோட ரத்தக் குழாய் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கும். அவ ரத்தம் அவனுக்குப் போகும், அவன் ரத்தம் அவளுக்குப் போகும். பொறந்த பிறகும் அது மாறாது. அதனாலதான் காளையோட கூடப் பொறந்த கிடேரி பெரும்பாலும் மலடா நிக்கும். பாரன் உடம்புல ஓடறதுல முக்கால்வாசி தங்கச்சி ரத்தமா இருந்தா, அட்டையில விழுந்த சொட்டும் அவதான்."

"முடி?"

"முடி அவனோடதுதான். அதை யாரும் இரவல் வாங்க முடியாது."

டைனி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். இப்போது அவனுக்கு ஆர்வம் தாராளமாக வந்திருந்தது. கிளெனிஸ் எதையும் மாற்றவில்லை. காளையும் உண்மை, ரத்தமும் உண்மை. அதை நிரூபிக்கிற ஒரே சாட்சி கொம்பை ஆட்டிக்கொண்டு வெட்டுப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. போனில் கூப்பிட்டு நிறுத்தலாம் என்றால் அந்தச் சாலையில் சிக்னல் மருந்துக்குக்கூடக் கிடையாது.

தொண்ணூறாவது கிலோமீட்டரில், பெட்ரோல் பங்க் ஒன்றின் நிழலில் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் டாரில் படியில் உட்கார்ந்து சுடச்சுட இறைச்சி பஃப்ஸ் ஒன்றை ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு மாட்டை இறக்கணும்," என்றாள் டோரீன்.

"முப்பது ஏத்தினேன். காகிதத்துல முப்பது. அங்க முப்பது இறக்கணும். போய்ட்டு வாங்க."

"அதுல ஒண்ணு சாட்சி."

டாரில் டைனியைப் பார்த்தான். "உங்கம்மாவுக்கு வெயில் ஏறிடுச்சா?"

"அம்மா இல்ல, பாஸ். வெயில் ஏறினா இதைவிட மோசமா இருக்கும்."

டோரீன் ஒரு அடி முன்னால் வந்தாள். "இருபத்திரண்டு வருஷம் போலீஸ்ல மாட்டுத் திருட்டுப் பிரிவு, தம்பி. ஒரு வழக்குல சாட்சியைக் கொண்டுபோய் வெட்டக் குடுத்தா என்னவெல்லாம் எழுதலாம்னு எனக்கு மனப்பாடம். உன் பேரு டாரில்தானே? இங்கிலீஷ்ல ரெண்டு 'ஆர்' போடணுமா, ஒண்ணா?"

ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று என்பதை அவள் சொல்லவில்லை. டைனியும் சொல்லவில்லை, அவன் அப்போது வானத்தில் பருந்து ஏதாவது தெரிகிறதா என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். டாரில் பஃப்ஸை வைத்துவிட்டு எழுந்தான். பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் பழைய ரயில்வே மாட்டுப்பட்டியும் சாய்தளமும் இருந்தன.

"முப்பதுல எது?" என்றான் முணுமுணுத்தபடி. "எல்லாம் சிவப்பு. வெயில்ல வில்லை எழுத்தெல்லாம் போயிருக்கும்."

டைனி லாரியின் கம்பிகளைப் பிடித்து ஏறி உள்ளே பார்த்தான். பார்த்தவன் வாயடைத்துப் போனான். அவன் வாய் அடைவது அவ்வளவு லேசான காரியமில்லை.

சுற்றியிருந்த இருபத்தொன்பது மாடுகளும் கூட்டத்தில் பிள்ளைகள் நிற்பதுபோல் நிற்க, நடுவே ஒன்று ஒரு முழம் உயரமாக நின்றது. முதுகு பலகை மாதிரி. தொடை டைனியின் தொடையைக் கேலி செய்தது. அது அவனைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக அசை போட்டது.

"பாஸ்... இதுக்கு டெஸ்ட் எதுக்கு? அளவு டேப் போதும். அந்த வளர்ச்சிக் குறி அத்தனையும் இதோ நிக்குது."

"மலட்டு மாடு கொழுக்கத்தான் செய்யும்னு நினைச்சிருப்பாங்க," என்றாள் டோரீன். "கொழுப்பு சரி. உயரம் எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலை."

முடியை டோரீனே பிடுங்கினாள். டைனி போனில் படம் எடுத்தான். சிஸ்டர் உதைக்கவில்லை. அன்றைக்கு அவன் சந்தித்த மாடுகளிலேயே மரியாதை தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் கிளெனிஸ் ஜெர்மனிக்குப் போன் போட்டாள். அங்கே காலை. அன்கே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆமாம், அது சகோதரி," என்றாள். "அரை மணி நேரம் கழித்துப் பிறந்தது. நோட்டில் இடம் இல்லை. அதனால் காதிலேயே எழுதி வைத்தேன். நீங்கள் யாரும் படிக்கவில்லையா?"

"படிச்சோம்மா. படிச்சுட்டுச் சிரிச்சோம்," என்றாள் கிளெனிஸ்.

"ஏன்?" என்று கேட்டாள் அன்கே, உண்மையாகவே புரியாமல்.

வியாழன் மத்தியானம் பரிசோதனைக் கூடத்திலிருந்து போன் வந்தது. டோரீன் அதை மேசை நடுவில் வைத்து எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டினாள். சிஸ்டரின் முடியும் பழைய ரத்த அட்டையும் ஒன்றுதான். ஒரு குறிகூட மாறவில்லை.

டைனி "ஊய்!" என்று கத்தி ஸ்பீடைத் தூக்கியே விட்டான். அவர் கால் தரைக்கு வந்த பிறகுதான் தூக்கப்பட்டது அவருக்குப் புரிந்தது.

கிளெனிஸ் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மறுநாளே வண்டி பிடித்துக் கொண்டுவந்திருந்த சிஸ்டர், பட்டியில் நின்று வேலிக்கு மேல் தலையை நீட்டிப் பக்கத்துப் பட்டிப் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

"என் ஆயுசுல இந்த மண்ணுல பொறந்த சிறந்த மாடு அதுதான்," என்றாள். "அதுக்கு ஒரு கன்னுகூடப் பொறக்காது. நானே அதை லாரியில ஏத்தினேன்."

"அதை விடுங்க," என்றாள் டோரீன். "நாளைக்கு நான் அறிக்கையைப் படிச்சதும் உங்க பேரு அப்படியே நிக்கும். நீங்க வாயே திறக்க வேண்டாம்."

கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். போனை எடுத்து எண்களை அழுத்தினாள்.

"யாருக்கு?"

"வாம்ஸ்லிக்கு."

டைனி திடுக்கிட்டான். ஊர்க் கண்காட்சியில் நூறு பேர் நடுவே நின்று 'திருட்டுப் பொம்பளை' என்று கத்திய ஆள் வாம்ஸ்லி. அவர் மூக்கை உடைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காதுதான். டைனி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வசதியாக உட்கார்ந்தான்.

"வாம்ஸ்லி, நான் கிளெனிஸ் பேசறேன். போனை வெச்சிடாதீங்க. உங்ககிட்ட வித்தது பாரன்தான், மாத்தலை. நாளைக்கு டோரீன் விவரமா சொல்லுவா. ஆனா புத்தகத்துல நான் போட்ட வளர்ச்சிக் குறி அவனோடது இல்லை, அவன் தங்கச்சியோடது. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது. அதைப் பார்த்துத்தானே வாங்கினீங்க? அவனைக் கொண்டுவந்து விடுங்க. திருப்பி எடுத்துக்கறேன்."

டோரீன் மேசையைத் தட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். கிளெனிஸ் போனைக் கையால் பொத்தினாள்.

"திருடி இல்லைன்னு நீங்க சொல்லிடுவீங்க, டோரீன். நேர்மையானவன்னு நீங்க சொல்ல முடியாது. அதை நான்தான் செஞ்சு காட்டணும்."

போனில் வாம்ஸ்லி வீட்டு நாய் ஒன்று குரைப்பது கேட்டது. பிறகு அவர் பேசினார்.

"கிளெனிஸ். நான் உங்களைப் பத்திக் கத்தினது நூறு பேர் முன்னால."

"தெரியும். நானும் அங்கதான் நின்னேன்."

"நாளைக்குக் கூட்டத்துக்கு அதைவிட அதிகம் பேர் வருவாங்க. முதல்ல நான் எழுந்து பேசறேன். அதுக்கப்புறம் அந்த அம்மா அறிக்கையைப் படிக்கட்டும்."

கிளெனிஸ் சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஸ்பீட், அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு நொடிகூடத் தாமதிக்காமல், அவள் கையிலிருந்து போனை வாங்கி, "சரின்னு சொல்றாங்க," என்றார்.